அப்பா என்ன சொல்றார்?

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, மேடம். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பலகையாகிவிட்டது. அதற்கு இது எவ்வளவோ மேல். மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மெதுவாகப் பேசுகிறீர்கள், காற்றுச் சத்தத்தில் பாதி போய்விடுகிறது. ஒருவர் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது.

நான் சம்பளம் வாங்குவது கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் மூக்குக்குத் தக்கபடி பிரேமை வளைத்துக் கொடுப்பேன், திருகு கழன்றால் மாட்டுவேன். ஆனால் சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வந்த வேலை வேறு. அப்பா நெசவு மில்லில் தறி ஓட்டியவர். கூடம் நிறையத் தறிகள் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லுக்காரர்கள் கையாலேயே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தால் அதற்கு ஒரு கை, மேஸ்திரி வந்தால் அதற்கு ஒரு கை, மேஸ்திரியைத் திட்டுவதற்கு நாலைந்து. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோதே அப்பாவுக்குக் காது சுத்தமாகப் போயிருந்தது. எழுதப் படிக்கவும் தெரியாது. கையெழுத்தைப் படம் மாதிரி வரைவார். மில்லையும் மூடிவிட்டார்கள், கூட வேலை பார்த்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். வீட்டில் அந்தக் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டது நான் ஒருத்திதான். "எனக்கு எதுக்குடி அதெல்லாம், அவர் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுமே" என்பாள் அம்மா. கடைசிவரை அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி படிப்பில் கெட்டிக்காரன், விடுதியிலேயே வளர்ந்தவன். அவன் கைக்கு 'சாப்பிட்டியா', 'போய்ட்டு வர்றேன்' அளவுக்குத்தான் வரும்.

தெருப் பிள்ளைகள் என்னைக் காதக்கா என்று கூப்பிடும். அப்பாவோடு எங்கே போனாலும் எதிரில் இருப்பவர் அவரிடம் ஏதோ சொல்வார், அப்பா கையை அசைப்பார், உடனே எல்லாரும் என் பக்கம் திரும்பி "அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்பார்கள். என் வாழ்நாளில் நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். என்னைப் பற்றி யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

சொல்வதைச் சொன்னபடியே சொல்லிவிட்டால் குடும்பம் நடத்த முடியாது, மேடம். மளிகைக்கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே, "வந்துட்டான்யா செவிடன், இன்னிக்கு வியாபாரம் உருப்பட்ட மாதிரிதான்" என்பார். அப்பா என்னைப் பார்ப்பார். "உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறாருப்பா" என்று கையால் சொல்வேன். அப்பா நெஞ்சில் கை வைத்து, "இந்த மனுஷன் நல்லா இருக்கணும்" என்பார். வீட்டுக்காரர் வந்து நின்றால் அப்பா முகத்தில் சிரிப்பு மாறாமல், "இந்தக் களவாணி மூஞ்சியில முழிச்சாலே அன்னிக்குச் சோறு கிடைக்காது" என்று கையை ஆட்டுவார். "தண்ணிக் குழாய் ஒழுகுது, நீங்களே பாத்துச் செஞ்சு குடுத்தா புண்ணியமாப் போகும்ங்கறார்" என்பேன் நான். குழாய் சரியாகும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு இரண்டு வாய், அவ்வளவுதான். பெரியவர்கள் சண்டை போடாமல் இருக்க ஒரு சின்னப் பெண் செய்த காரியம் அது. அதை அன்றைக்கு யாரும் குற்றம் என்று சொல்லவில்லை.

இனி நோய்க்கு வருகிறேன்.

அப்பா முதலில் மறைத்தார். மூலம் என்று தானே முடிவு கட்டி மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கழிவறையில் ரத்தத்தைப் பார்த்தது நான்தான். இடுப்பில் வேட்டி நிற்காமல் போனதும், மாடிப்படியில் மயங்கி விழுந்ததும் பிறகு. குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் நான்தான் கூடப் போனேன். கடையில் விடுப்பு இல்லை என்றார்கள். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நல்ல மாதிரி. பெரும்பாலான டாக்டர்கள் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். பெருங்குடலில் புற்று, கல்லீரலுக்கும் போய்விட்டது, முழுதாகக் குணப்படுத்த முடியாது என்றாள். "ஆனா ஒண்ணும் செய்ய முடியாதுன்னு இல்லை. கீமோ குடுத்தா கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். ரெண்டு வருஷம் கிடைக்கலாம், சிலருக்கு அதுக்கு மேலயும் போகுது. குடுக்கலைன்னா மாசக்கணக்குதான். சிரமம் இருக்கும், மறைக்கலை. ஆனா அவர் நெஞ்சு, சிறுநீரகம் எல்லாம் நல்லா இருக்கு, தாங்குவார்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னதை அப்படியே அவர்கிட்ட சொல்லணும்மா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முடிவு அவரோடது."

நான் அப்பாவிடம் சொன்னேன். மில் பேச்சில் புற்றுக்குச் சொல் இல்லை. அப்பா கவனித்துப் பார்த்தார், ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னேன். அவர் சிரித்தார், தலையைத் தடவிக்கொண்டார், கையை நீளமாக அசைத்துச் சொன்னார்.

"அப்பா என்ன சொல்றார்?" என்றாள் டாக்டர்.

"வேண்டாம்ங்கறார்" என்றேன்.

"சிரிச்சாரே?"

"பயந்தா சிரிப்பார், டாக்டர். எங்கப்பா அப்படித்தான்."

அவள் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வரச் சொல்லி மறுபடி கேட்டாள். மறுபடியும் வேண்டாம் என்றேன். "அவர் விருப்பத்தை மதிக்கணும்" என்று சொல்லி, வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் நான் அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தெருவில் கேட்டுப் பாருங்கள். சோற்றைக் குழைய வேகவைத்து, சூடு பார்த்து, ஸ்பூனால் ஊட்டினேன். படுக்கையை நனைத்தால் முகம் சுளிக்காமல் மாற்றினேன். கால் வீக்கத்துக்குத் தலையணை, வறண்ட உதட்டுக்கு வெண்ணெய். பெற்ற பிள்ளை தாயாகிவிட்டாள் என்று எதிர்வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலி மாத்திரையோடு ஒரு சத்து மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பேன். அப்பா அதை விழுங்கிவிட்டு, அறுந்த நூலை முடிந்ததும் மில்லில் காட்டுகிற மாதிரி இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டுவார். பிடித்துவிட்டது, இனி ஓடும் என்று அர்த்தம். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். தெம்பு வேண்டும் என்று வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வேர்த்துப் போய் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு நல்லா நடந்தேன், டாக்டர்கிட்ட சொல்லு" என்பார். சொல்கிறேன் என்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆமாம், மேடம். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். சிகிச்சை வேண்டாம் என்று சொன்னவர் எதற்கு மருந்து வேலை செய்கிறது என்று நினைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அன்றைக்கு அந்த அறையில் நான் அப்பாவிடம் சொன்னது, வயிற்றுக்குள் கெட்ட புண், பெரியது, மருந்து இருக்கிறது, கஷ்டமான மருந்து, வாந்தி வரும், முடி கொட்டும் என்று. அதுவரை ஒரு சொல்லும் பிசகவில்லை. அப்பா சிரித்தார். மொட்டைத் தலையைத் தடவி, "கொட்டறதுக்கு எங்க இருக்கு?" என்றார். பிறகு சொன்னார்: "குடுக்கச் சொல்லு. எவ்வளவு வலிச்சாலும் சரி, தாங்கிக்கறேன். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும். தம்பியை வரச் சொல்லு. அவன் வந்தா எல்லாத்தையும் பாத்துக்குவான்."

இதைத்தான் நான் வேண்டாம் என்று சொன்னேன். அப்பாவிடம், முதலில் மாத்திரை, உடம்பு தேறியதும் அந்த மருந்து என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன்.

அது பொய் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவுக்கு வலி தாங்காது. ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்கிறவர், வீறாப்புக்குச் சொல்கிறார். ஒரு மனிதன் வாயால் சொல்வது ஒன்று, அவனுக்கு வேண்டியது ஒன்று. மளிகைக்கடையிலும் வீட்டுக்காரரிடமும் நான் பார்த்தது இதைத்தானே. அப்பாவுக்கு எது வேண்டும் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடிக் கடையில்கூடச் சிலர் இந்த எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது என்று வீம்புக்குச் சொல்வார்கள். நாம்தான் பார்த்து வேறு வில்லையைப் போட வேண்டும்.

தம்பியிடமும் அப்படித்தான். அவன் வேறு நாட்டில், பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். செய்தி கேட்டதும் வீடியோவில் கூப்பிட்டு அழுதான். "அக்கா, நான் அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடறேன். இங்க காது கேக்காதவங்களுக்குன்னே ஆஸ்பத்திரியில ஆள் வெச்சிருக்காங்க. மில் பேச்சையும் பழகிக்குவாங்க. நீ எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவே, நீயும் கொஞ்சம் ஓய்வெடு அக்கா."

எனக்கு ஓய்வு வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

திரையில் தம்பி முகத்தைப் பார்த்ததும் அப்பா, "எப்பப்பா வர்றே?" என்று கேட்டார். "வேலையைக் கெடுத்துக்கிட்டு வராதேங்கறார்" என்றேன். "இல்லப்பா, அடுத்த வாரமே கிளம்பறேன்" என்றான் அவன். "லீவு கிடைக்கலையாம்" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா, "பரவாயில்லை, வேலைதான் முக்கியம்னு சொல்லு" என்றார். தம்பியிடம், "இந்தக் கோலத்துல என்னைப் பாக்க வேண்டாம், முன்னாடி பாத்த முகமே அவன் மனசுல இருக்கட்டும்ங்கறார்" என்று சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். நான் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கை வலித்தது.

உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் 'பழைய பகை' என்று தம்பி எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினீர்கள். அவன் எதை மனதில் வைத்து எழுதினான் என்று தெரியும். கேட்டதால் சொல்கிறேன், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

முன்பு ஒரு காலத்தில் எனக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் கடைக்கு லென்ஸ் கொண்டுவந்து போடுகிறவர். அவருக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கும். அவருடைய அம்மா, அக்கா எல்லாரும் வந்தார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு யாருக்கும் கைப்பேச்சுத் தெரியாது, அதனால் என் சம்பந்தத்தை நானே பேச வேண்டியதாகிவிட்டது. அவருடைய அம்மா கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்காமல், அவர்களைப் பார்த்துக் கையை அசைத்தார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பா என்ன சொல்றார்மா?"

"இவ போயிட்டா எனக்கு யாரு காது? இவளுக்குக் கல்யாணம் பண்ற எண்ணமே எனக்குக் கிடையாதுங்கறார்" என்றேன்.

அன்றைக்கு ஒருநாள்தான் ஒரு எழுத்தும் மாற்றாமல் சொன்னேன். மாற்றியிருக்கலாம். 'சரிங்கறார்' என்று சொல்லியிருந்தால் கல்யாணம், பிள்ளை குட்டி என்று எங்கேயோ இருந்திருப்பேன். ஏன் மாற்றவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒருவேளை அவர் சொன்னதை என் வாயாலேயே என் காது கேட்கட்டும் என்று விட்டேனோ என்னவோ. அவர்கள் எழுந்து போனார்கள். அப்பா, "நல்ல மனுஷங்க" என்றார். எனக்குக் கோபம் இல்லை. பெரியவர், தனக்கு வேண்டியதைக் கேட்டார். நான் இருந்துவிட்டேன். இருந்தவளைப் பார்த்து, 'அவன் வந்தா எல்லாத்தையும் பாத்துக்குவான்' என்று அவர் டாக்டர் முன்னால் சொன்னதைத்தான் என்னால் டாக்டரிடம் சொல்ல முடியவில்லை. வாய் வரவில்லை, மேடம். வேண்டாம் என்பது சின்னச் சொல், வந்துவிட்டது.

மாதங்கள் போனபின் குடல் அடைத்துக்கொண்டது. வயிறு பானையாக வீங்கி, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, அறுத்து, வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டினார்கள். அந்தப் பையைக் கழற்றி மாற்ற நர்சைவிட நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குக் கால் எலும்பு முறிவு. கூட இருந்தது அவர் மனைவி, பருத்த, கலகலப்பான அம்மாள். பை வாங்கிக்கொண்டு மருந்துக்கடையிலிருந்து நான் திரும்பி வரும்போது அந்த அம்மாளின் இரண்டு கையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அப்பாவின் கையும் ஆடியது. கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மில்லில் நூல் சுற்றியவளாம். கை கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, ஆனால் பேச்சு நல்ல பேச்சு. அப்பா குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததை யாரும் பார்க்கவில்லை.

கட்டில் மாற்றித் தரச் சொல்லி நர்சிடம் கேட்டேன், காலி இல்லை என்றாள். பிறகு நான் செய்ததைக் கொஞ்சம் அவசரப்பட்டுச் செய்தேன் என்றே ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு நினைவு தப்பிப் போச்சும்மா, இல்லாததையெல்லாம் சொல்வார், மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். "அய்யோ பாவம்" என்றாள். அப்பாவிடம், அவளுக்கு மூளை சரியில்லை, பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றேன். அப்பா என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை டாக்டர் சுற்றி வந்தாள். நான் எப்போதும் போலக் கட்டில் பக்கத்தில் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தை வளைத்து, அடுத்த கட்டில் அம்மாளைப் பார்த்துக் கையை எடுத்தார். அது எனக்கு வலித்தது. நீங்கள் எழுதுவதில் இதுவும் இருக்கட்டும்.

"டாக்டரம்மா, இவர் கேக்கறாருங்க" என்றாள் அந்த அம்மாள், "இத்தனை நாளா மருந்து சாப்பிட்டும் ஏன் வயிறு இப்படி ஆச்சுன்னு. அந்தக் கஷ்டமான மருந்து குடுக்கறேன்னீங்களாமே, முடி கொட்டற மருந்து, அதை எப்பக் குடுப்பீங்கங்கறார். தாங்கிக்கறேன்னு அன்னிக்கே சொல்லிட்டாராம்."

டாக்டர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். "அவர்தானே வேண்டாம்னார்?" என்றாள். என்னிடம் அல்ல, அந்த அம்மாளிடம். அதை அவள் கையால் அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "சொன்னியா?" என்றார். "சொன்னேன்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. டாக்டர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், "அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம். இப்ப இந்த உடம்பு கீமோவைத் தாங்காது" என்றாள். அவள் குரல் நடுங்கியது. வேலைக்குப் புதுசு, பழகிவிடும்.

தம்பி வந்துவிட்டான். அவனும் அந்த அம்மாளை வைத்துக்கொண்டுதான் பேசுகிறான். நான் போனால் அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார். அவருக்குப் பேச்சைக் கேட்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி என்று தம்பி சொல்கிறான். களைப்பு, மேடம். அறுவை முடிந்த உடம்பு. நான் உள்ளே வந்தால் நிம்மதியாகத் தூக்கம் வந்துவிடுகிறது அவருக்கு. நான் சின்னவளாக இருந்த காலத்திலேயே, நான் பக்கத்தில் இருந்தால்தான் அப்பா தூங்குவார்.

ஆமாம். டாக்டரிடமும் தம்பியிடமும் அப்பாவிடமும் நான்தான் மாற்றிச் சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன். அப்பாவுக்குக் கிடைக்க இருந்த நாட்கள் அதனால் போயின. 'திட்டமிட்டு' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றதில் கையெழுத்துப் போடுகிறேன்.

நாளைக்கு நீங்கள் அப்பாவின் வாக்குமூலத்தை வாங்கப் போவதாகவும், அந்த அம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதாகவும் வெளியே பேசிக்கொண்டார்கள். நல்ல மனுஷிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவள் கையைப் பார்த்துச் சொல்கிறவள். அப்பா என் மேல் கோபமாக ஏதாவது சொன்னால் அதை அப்படியே சொல்லி வைப்பாள், நீங்களும் அவர் என்னை வெறுக்கிறார் என்று எழுதிக்கொள்வீர்கள். அவருக்கு அப்படியெல்லாம் கிடையாது. உள்ளே போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், மேடம். அப்பா என்ன சொல்கிறார் என்று நான் சொல்கிறேன்.